ஏழு ஒளிஞ்சிருந்த புஸ்தகம்

படுத்தாச்சா? கால நீட்டு. போர்வைய நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கோ, போதும். பெரியம்மா சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரர் இருந்தாரு. ஒரு ஊருன்னு வாய்தான் சொல்லுது, அவருக்கு ஒரு ஊரு இல்ல கண்ணு, நெறைய ஊரு. அறுப்பு முடிஞ்ச வயலு எங்க இருக்கோ அங்க வாத்த ஓட்டிக்கிட்டுப் போவாரு. சிந்திக் கெடக்குற நெல்லு, நத்தை, புழு எல்லாத்தையும் வாத்துங்க குவாக் குவாக் குவாக்னு பொறுக்கித் தின்னும். அங்க தீர்ந்துபோச்சுன்னா அடுத்த ஊரு. வாய்க்கா கரையில தார்ப்பாய இழுத்துக் கட்டினா அதுதான் வீடு.

அவரு பேரு கன்னியப்பன். அவரு சம்சாரம் தனபாக்கியம். அவங்களுக்கு ஒரே பொண்ணு, வேம்பு. உன்ன விடக் கொஞ்சம் குள்ளம்.

"ஏன் வேம்பு?"

பேருதான் கசப்பு. ஆளு அப்படி இல்ல. கேளு.

அப்போ ஒரு ஊர்ல கொஞ்ச நாளு தங்கினாங்க. அங்க ஒரு பால்வாடி. வேம்பு அங்க போயி உக்காந்து பாட்டு கேப்பா, சுண்டல் தின்னுவா. அந்த ஊரு வயல்ல நெல்லு தீர்ந்துபோச்சு. கெளம்புற அன்னைக்கு பால்வாடி டீச்சர் ரோசம்மா ஓட்டமா ஓடி வந்தாங்க. கையில ஒரு படப் புஸ்தகம்.

"இந்தாடி வேம்பு, இது ஒனக்கு"ன்னாங்க. கன்னியப்பனப் பாத்து, "அண்ணே, நீங்க எழுத்துக் கூட்டிப் படிப்பீங்கல்ல? தெனம் ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க. ஒரு பக்கம் போதும், அவசரப்படாதீங்க"ன்னாங்க.

கன்னியப்பன் மூணாவது வரைக்கும் படிச்சவரு. "படிச்சிடலாம் டீச்சர்"னு தலைய ஆட்டினாரு.

அந்தப் புஸ்தகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? தொறந்தா இந்தப் பக்கம் முழுக்க ஒரு படம். அந்தப் பக்கம் பெருசா ஒரு எண்ணு, அதுக்குக் கீழ ஒரு வரி பாட்டு. அவ்வளவுதான். அடுத்தாப்ல திருப்பினா அடுத்த எண்ணு.

அப்புறம், புது ஊருக்கு வந்து தார்ப்பாய் கட்டியாச்சு. மத்தியானம் வாத்துங்க எல்லாம் தண்ணியில கெடக்கும்போது அப்பாவும் பொண்ணும் கருவ மரத்து நிழல்ல உக்காந்தாங்க. அவரு எழுத்து மேல வெரல வச்சு, ஒ... த்... த... னு மூச்சு வாங்கிப் படிச்சாரு.

*ஒத்தக் குருவி ஓட்டு மேல.*

மறுநாளு:

*ரெண்டு அணிலு ரோட்டு மேல.*

வேம்பு கைகொட்டிச் சிரிச்சா. "ஓட்டு மேல, ரோட்டு மேல! ஓட்டு மேல, ரோட்டு மேல!" நாளெல்லாம் அதேதான். வாத்தப் பாத்தும் பாடினா, வாய்க்காலப் பாத்தும் பாடினா.

அப்புறம் அடுத்தது வந்துச்சு.

*மூணு முயலு காட்டுக்குள்ள,*
*நாலு பூனை வீட்டுக்குள்ள.*

நாலாவது நாளு வேம்பு என்ன பண்ணினா, பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அப்பா, இந்த வரிக்கும் அந்த வரிக்கும் வாலு ஒண்ணு!"ன்னா.

"என்ன வாலு?"

"இங்க பாரு, கடைசியில. 'ட்டுக்குள்ள'. அங்கயும் 'ட்டுக்குள்ள'. ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு."

கன்னியப்பன் குனிஞ்சு பாத்தாரு. "அட, ஆமா"ன்னாரு. அவரு அதுவரைக்கும் அதக் கவனிக்கவே இல்ல. எழுத்துக் கூட்டுறதே அவருக்குப் பெரும்பாடு, வால எங்க பாக்குறது?

அன்னையிலேருந்து வேம்பு ஒவ்வொரு வரிக்கும் வால மொதல்ல பாப்பா. அப்புறம்தான் தல.

இன்னொரு விசயம் சொல்லணும். தனபாக்கியம் ஒரு கோழிய எரவல் வாங்கி, அதுக்கு அடியில வாத்து முட்டை வச்சு, பத்துக் குஞ்சு பொரிச்சிருந்தா. மஞ்ச மஞ்சேர்னு, பஞ்சு உருண்ட மாதிரி. அதுங்களப் பாத்துக்குறது வேம்பு வேலை. சாயங்காலம் ஆனா அதுங்க கீச் கீச் கீச்னு பஞ்சாரத்துப் பக்கமா வரும். பஞ்சாரம்னா மூங்கில்ல முடைஞ்ச பெரிய கூடை, கவுத்துப் போட்டா குஞ்சுங்களுக்கு அதுதான் வீடு. வேம்பு அத லேசாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, படிச்ச வரைக்கும் பாட்டப் பாடுவா. குஞ்சுங்க ஒண்ணொண்ணா உள்ள போகும். அம்மா எண்ணிக்குவா. தெனமும் இப்படித்தான்.

"ம்."

*அஞ்சு நண்டு சேத்துல,*
*ஆறு கொக்கு நாத்துல.*

ஆறு வரைக்கும் வந்தாச்சு. அப்போதான் ஒண்ணு நடந்துச்சு. ஒனக்கு மட்டும் சொல்றேன். புஸ்தகத்துக்கு உள்ள என்ன ஆச்சுன்னு வேம்புக்கும் தெரியாது, அவங்க அப்பாவுக்கும் தெரியாது.

வேம்பு மடியில புஸ்தகத்த வச்சுக்கிட்டு, கையில ஒரு வாத்து முட்டைய வச்சு உருட்டிக்கிட்டே கொக்குப் படத்தப் பாத்துட்டிருந்தா. காத்து அடிச்சு பக்கம் படபடன்னுச்சு. பிடிக்கப் போனா. முட்டை நழுவுச்சு. பட்! ஒடஞ்சு புஸ்தகத்துல ஊத்திருச்சு. அம்மா ஓடி வந்து முந்தானையில தொடச்சா. மேலத் தொடச்சா, கீழத் தொடச்சா, மூடி வெயில்ல வச்சா. ஆனா வெள்ளைக்கரு கொழகொழன்னு ரெண்டு தாளுக்கு நடுவுல போயிருந்துச்சு. அது காஞ்சா என்ன ஆகும்? பசை மாதிரி ஒட்டிக்கும்ல? ஒட்டிக்கிச்சு. ஒரு படமும் ஒரு பாட்டும் உள்ள மாட்டிக்கிச்சு. எந்த எண்ணு மாட்டிச்சு சொல்லு பாக்கலாம்?

"ஏழு!"

மெதுவா, மெதுவா. எந்திரிக்கக் கூடாது. ஆமா, ஏழுதான்.

அதுக்கு மேல ரெண்டு மூணு நாளு மழை. புஸ்தகத்தத் தொறக்கவே இல்ல. மழை விட்டு அப்பா தொறந்தப்போ எங்க விட்டோம்னு அவருக்கு ஞாபகம் இல்ல. கண்ணுல பட்ட பக்கத்தப் படிச்சாரு.

*எட்டு மயிலு மலையில.*

அப்புறம் அடுத்தது.

*ஒம்போது கோழி முன்னால,*
*பத்து வாத்து பின்னால!*

வாத்து வந்ததும் வேம்புக்குத் தலகால் புரியல. புஸ்தகம் முடிஞ்சுது. "அம்மா, எனக்குப் பத்து வரைக்கும் வந்துருச்சு! இனிமே குஞ்ச நான்தான் எண்ணுவேன்"னா.

"சரிம்மா, பெரியவளாயிட்ட. நீயே எண்ணு"ன்னா தனபாக்கியம். அன்னைக்கு அவளுக்கு சந்தைக்கு முட்டை கொண்டு போற வேலை. கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அப்பா தூரத்துல, வயலுக்கு அந்தாண்ட, பெரிய வாத்துங்கள ஹேய் ஹேய்னு மடக்கிக்கிட்டிருந்தாரு.

சாயங்காலம் வேம்பு பஞ்சாரத்தத் தூக்கிப் பிடிச்சா. ஒரு குஞ்சு உள்ள போச்சு, ஒண்ணு. இன்னொண்ணு போச்சு, ரெண்டு. மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது, பத்து! பஞ்சாரத்தக் கவுக்கப் போனா. வெளியில கீச்னு ஒரு சத்தம். பாத்தா, ஒரு குஞ்சு அங்கயே நிக்குது!

வேம்பு முழிச்சா. பத்தும் உள்ள போயிருச்சே, இது யாரு?

அந்த நேரம் பாத்து காசியம்மா வந்தா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்டிருக்குற இன்னொரு வாத்துக் குடும்பம் அவங்க. காசியம்மாவும் குஞ்சு வளக்குறா. மூஞ்சி வாடிப்போயி, "ஏ வேம்பு, எங்க குஞ்சுல ஒண்ணக் காணோம்டி. வழி தவறி இங்க வந்துச்சா?"ன்னு கேட்டா.

வேம்பு என்ன பண்ணினா தெரியுமா? கொஞ்சம்கூட யோசிக்கல. "ஆமா அத்தை! எங்களுக்குப் பத்துதான், இது அதிகமா நிக்குது. ஒங்களுதுதான் போல"ன்னு, அந்தக் குஞ்ச ரெண்டு கையாலயும் அள்ளிக் குடுத்துட்டா.

காசியம்மாவுக்கு மனசு குளுந்துபோச்சு. "நல்லா இருப்படி தங்கம்"னு கன்னத்தத் தடவிட்டுப் போனா. வேம்புக்கும் பெருமை. அடுத்தவங்க பொருள அடுத்தவங்ககிட்டயே சேத்தாச்சுல்ல?

ஆனா அது யாரு குஞ்சு?

"வேம்போடது."

ஆமா. அவளுதேதான். அது கீச் கீச்னு கத்திக்கிட்டே போச்சு.

விடிஞ்சுது. தனபாக்கியம் பஞ்சாரத்தத் தூக்கினா. குஞ்சுங்க குடுகுடுன்னு வெளிய வந்துச்சு. "வேம்பு, ஒண்ணக் காணோமே. ஒம்போதுதானே இருக்கு"ன்னா.

வேம்பு வாய்க்குள்ளயே எண்ணிப் பாத்தா. "பத்து இருக்கும்மா."

"இல்லடி, ஒம்போது."

"பத்து!"

அப்பாவக் கூப்புட்டாங்க. அவரு எப்பவும் ஜோடி ஜோடியா எண்ணுவாரு. வெரல நீட்டி ஒரு வீசு வீசினாரு. "நாலு ஜோடி, ஒரு ஒத்தை. ஒம்போது"ன்னாரு.

தனபாக்கியம் திட்டல. "ராத்திரி கீரி வந்திருக்கும் போல. பாவம், வளந்துக்கிட்டிருந்துச்சு"ன்னு பெருமூச்சு விட்டுட்டு அடுப்பப் பத்த வைக்கப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவல. நேத்து காசியம்மாகிட்ட ஒரு குஞ்சக் குடுத்தத வேம்பு சொல்லவே இல்ல. அவங்க ரெண்டு பேரு எண்ணினா ஒம்போது, நான் எண்ணினா பத்து, அது எப்படின்னு யோசிச்சா.

புஸ்தகத்த எடுத்துக்கிட்டு கருவ மரத்தடியில போயி உக்காந்தா. மொதல்லேருந்து மெல்லப் பாடினா.

ஓட்டு மேல, ரோட்டு மேல. இது ஒரு ஜோடி. காட்டுக்குள்ள, வீட்டுக்குள்ள. இதுவும் ஜோடி. சேத்துல, நாத்துல. ஜோடி.

எட்டு மயிலு மலையில...

மலையில... மலையில... அடுத்தது "முன்னால". மலையில, முன்னால? சேரல. நொண்டுது. திரும்பப் பாடினா. திரும்பவும் நொண்டுது. "முன்னால"வுக்கு "பின்னால" இருக்கு, அதுங்க ரெண்டும் கைகோத்துக்கிட்டுப் போகுது. இந்த எட்டு மட்டும் தனியா நிக்குது.

"இதுக்கு ஜோடி எங்க?"ன்னு வேம்பு வாய்விட்டுக் கேட்டா.

அப்புறம் பக்கத்த ஒண்ணொண்ணா வெரலால தடவிப் பாத்தா. ஒரு தாளு மெல்லிசு. அடுத்தது மெல்லிசு. அதுக்கு அடுத்தது... தடியா, மொறமொறன்னு, அப்பளம் மாதிரி இருக்கே! ஓரத்தப் பாத்தா ஒண்ணு இல்ல, ரெண்டு தாளு.

தடதடன்னு ஓடினா. "அப்பா! உள்ள ஒரு பாட்டு மாட்டிக்கிட்டிருக்கு!"

கன்னியப்பன் நகத்தால கிளப்பிப் பாத்தாரு, கிழியப் பாத்துச்சு. கத்தி கொண்டாரவான்னாரு. "ரெண்டு பேரும் கைய எடுங்க"ன்னு தனபாக்கியம் வாங்கிக்கிட்டா. அடுப்புல கஞ்சி கொதிச்சிட்டிருந்துச்சு. மூடியத் தொறந்து, அந்த ஆவியில புஸ்தகத்த இப்படி, எட்டத்துல, காட்டினா. புஸ் புஸ்னு ஆவி ஏறுச்சு. மூணு பேரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தாங்க.

"அம்மா, உள்ள இருக்குற வரிக்கு வாலு 'லையில'ன்னு இருக்கும் பாரேன்"னா வேம்பு.

"தொறக்காமயே ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு தனியா நிக்குதுல்ல. அதுக்கு ஜோடி வேணும்ல."

தாளு மெதுவா, மெதுவா... ப்ச்ச்னு பிரிஞ்சுது. அப்பா வெரல வச்சுப் படிக்க வந்தாரு. "நீ இரு, நான்"னு வேம்பு அவரு கையத் தள்ளிட்டா. மொதல்ல வால பாத்தா. 'லையில'! இருந்துச்சு! அதுக்கு முன்னாடி ஒரு எழுத்து, சுழிச்சுக்கிட்டு. படத்தப் பாத்தா. ஒரு பச்சை இலை, அதுல எறும்பு ஊருது.

"இ... லையில. இலையில! ஏழு... எறும்பு... இலையில!"

யாரும் சொல்லிக் குடுக்கல கண்ணு. அவளாவே படிச்ச மொத வரி அதுதான். கன்னியப்பன் துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு. கேட்டா, ஆவி பட்டுச்சுன்னாரு.

*ஏழு எறும்பு இலையில,*
*எட்டு மயிலு மலையில.*

எவ்வளவு அழகா நடக்குது பாரு இப்போ.

"ம்."

வேம்பு துள்ளிக் குதிச்சா. குதிச்சவ அப்படியே நின்னுட்டா. ஆறு, ஏழு, எட்டு. அப்போ நேத்து அவ பத்துன்னு சொன்னது...

"அம்மா, நம்ம குஞ்ச நானே தூக்கிக் குடுத்துட்டேன்மா"ன்னு ஓன்னு அழுதா. எல்லாத்தையும் சொன்னா.

தனபாக்கியம் யோசிச்சா. "காசியம்மா பக்கத்துல இருக்குறவ. அறியாமக் குடுத்த. போயிட்டுப் போகுது, கேட்டா அவ மனசு சங்கடப்படும்"னா.

"அது அங்க கத்திக்கிட்டிருக்கும்மா"ன்னா வேம்பு.

அதுக்கு மேல தனபாக்கியத்தால இருக்க முடியல. ரெண்டு பேரும் வாய்க்கால்ல எறங்கி, சளக் சளக்னு நடந்து அந்தக் கரைக்குப் போனாங்க.

காசியம்மா குஞ்சுங்களுக்குத் தண்ணி வச்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல அவ பொண்ணு செவந்தி, வேம்பு வயசுதான்.

"அத்தை, நான் தப்பா எண்ணிட்டேன். ஏழ விட்டுட்டேன். அது எங்க குஞ்சு"ன்னா வேம்பு.

"ஏழ எப்படிடி விடுவ?"

வேம்பு புஸ்தகத்தக் காட்டினா. ஆவி பட்டு நெளிஞ்சு கெடந்த தாளத் தொட்டுப் பாத்துட்டு காசியம்மா சொன்னா, "நீ பொய் சொல்ற பிள்ளை இல்ல. ஆனா எல்லாம் ஒரே மஞ்ச. எங்களுது எது, ஒங்களுது எதுன்னு எப்படி பிரிக்கிறது? நீயே கூப்புடு. வர்றதக் கொண்டு போ."

வேம்பு குந்த வச்சு உக்காந்து, "பா... பா... பா..."ன்னு கூப்புட்டா. ஐயோ, அத்தனையும் ஓடி வந்துச்சு! வாத்துக்காரங்க எல்லாரும் அப்படித்தானே கூப்புடுவாங்க.

அப்புறம் கொஞ்சம் தவிட்டக் கையில வச்சு நீட்டினா. அத்தனையும் ஏறி மிதிச்சுக்கிட்டு, கீச் கீச் கீச், தவிட்டத் தின்னுட்டு அதுங்க பாட்டுக்குப் போயிருச்சு.

செவந்தி சிரிச்சா. வேம்புக்குக் கண்ணு கலங்கிருச்சு. அழுகைய அடக்க அந்தப் பாட்ட எடுத்தா. மெல்ல, தனக்குத்தானே ஆரம்பிச்சா.

ஒத்தக் குருவி ஓட்டு மேல, ரெண்டு அணிலு ரோட்டு மேல...

தண்ணி ஓரமா நின்ன ஒரு குஞ்சு தலையத் தூக்குச்சு.

மூணு முயலு காட்டுக்குள்ள, நாலு பூனை வீட்டுக்குள்ள...

அது திரும்புச்சு. மத்ததெல்லாம் சேத்தக் கிளறிக்கிட்டிருக்கு. இது மட்டும் குடுகுடு குடுகுடுன்னு வருது!

அஞ்சு நண்டு சேத்துல, ஆறு கொக்கு நாத்துல... ஏழு எறும்பு இலையில...

இங்க அது நின்னுருச்சு. தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பாத்துச்சு. இந்த வரிய அது கேட்டதே இல்லல்ல!

எட்டு மயிலு மலையில...

விசுக்னு வந்து வேம்பு பாதத்து மேல ஏறி உக்காந்துக்கிச்சு.

காசியம்மா வாயில கைய வச்சா. "எடுத்துக்கோ தாயி. இதுக்கு மேல என்ன இருக்கு? அப்போ எங்களுதப் பருந்துதான் தூக்கியிருக்கு"ன்னா. அந்தப் பக்கம் செவந்தி பாவாடையக் கசக்கிக்கிட்டு நின்னா. அந்தக் குஞ்சுக்கு அவ நேத்தே பேரு வச்சிருந்தாளாம்.

வேம்பு குஞ்ச நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கெளம்பினா. பாதி வாய்க்கால்ல நின்னா. திரும்பிப் பாத்தா. "செவந்தி, மத்தியானம் எங்க மரத்துக்கு வா. எங்க அப்பா படிப்பாரு"ன்னா.

செவந்தி வந்தா. மறுநாளும் வந்தா. அவளுக்கு வாலு பாக்க வேம்பு காட்டிக் குடுத்தா. சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து ரெண்டு கரைக் குஞ்சையும் பாடிப் பாடி அடைச்சாங்க. கொஞ்ச நாள்ல காசியம்மா குஞ்சுங்களும் பாட்டக் கேட்டா தலையத் தூக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் அந்த வயல்லயும் நெல்லு தீர்ந்துபோச்சு. காசியம்மா வண்டி தெக்க போகுது. வேம்பு வண்டி வடக்க போகுது. சின்ன லாரியில வாத்தெல்லாம் ஏத்தியாச்சு, குவாக் குவாக்னு ஒரே அமளி. செவந்தி வந்து சும்மா நின்னா. அவளுக்கு ஆறு வரைக்கும்தான் தானாப் படிக்க வருது. வேம்பு புஸ்தகத்தப் பாத்தா. முட்டை வாசம் அடிக்கிற, நெளிஞ்ச புஸ்தகம். ஒரு தடவ மோந்து பாத்துட்டு, லாரி மேலேருந்து குனிஞ்சு செவந்தி கையில குடுத்துட்டா.

லாரி கெளம்பி ரொம்ப தூரம் வந்தாச்சு. கன்னியப்பன் கேட்டாரு: "குடுத்துட்டியே, இனிமே மத்தியானத்துல நாம என்ன படிக்கிறது?"

வேம்பு வெரல மடக்கி பத்து வரைக்கும் எண்ணிப் பாத்தா. அப்புறம், "அப்பா, பத்துக்கு அடுத்தது என்ன?"ன்னு கேட்டா.

"பதினொண்ணு."

"அதுக்கு என்ன பாட்டு?"

அவரு ரோட்டப் பாத்தாரு. மரமெல்லாம் பின்னால ஓடுது. தலையச் சொறிஞ்சாரு. மூணாவது படிச்ச மனுசன், அதுவரைக்கும் ஒரு வரி சொந்தமாச் சொன்னதில்ல. மெல்லச் சொன்னாரு:

"பதினோரு பனமரம் ரோட்டோரம்..."

தனபாக்கியம் வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னா:

"பன்னெண்டு கூடை வீட்டோரம்."

ரோட்டோரம், வீட்டோரம். ஜோடி சேந்துருச்சு! வேம்பு சிரிச்சா. வாத்தெல்லாம் குவாக்னுச்சு. வண்டி பாட்டுக்கு மெதுவாப் போச்சு, போச்சு, போச்சு... பதிமூணுக்கு என்ன சொல்லலாம்னு மூணு பேரும் யோசிச்சுக்கிட்டே போனாங்க.

நீ சொல்லு, பதிமூணுக்கு என்ன?

ம்? கண்ணு?

சரி சரி. நாளைக்குச் சொல்லலாம். வண்டியும் போயிருச்சு, வாத்தும் அடைஞ்சிருச்சு, கதையும் கூடையக் கவுத்துக்கிட்டுப் படுத்துருச்சு. தூங்கு சாமி.